பதிமூன்றாவதாக வந்தவர்

பெருமுக்கல்காரனுக்கும் படகுப் போட்டிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்காத ஆளே இல்லை. கேட்பதில் நியாயம் இருக்கிறது. திண்டிவனத்தில் இருந்து மரக்காணம் போகிற ரோட்டில் வந்தால் எங்கள் பெருமுக்கல் மலை தெரியும். மேலே முக்தியாசலேஸ்வரர் கோயில், இடிந்துபோன கோட்டை, பாறையில் ஆதிகாலத்து ஆட்கள் கீறி வைத்த உருவங்கள். ‘பெர்மாகோயில்’ என்று வாய்க்கு வந்தபடி எழுதிக்கொண்டு, பிரெஞ்சுக்காரனிடம் இருந்து வெள்ளைக்காரன் 1760-ல் பிடித்த கோட்டை அது. கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர். தண்ணீர் என்றால், ஐப்பசி கார்த்திகையில் பெய்து, சித்திரைக்குள் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிற ஏரிதான். கிழக்கே கழுவெளிச் சதுப்பு ஏரி வரைக்கும் போனால் கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறவர்களைப் பார்க்கலாம். அவ்வளவுதான் எங்கள் பக்கத்துப் படகு.

எனக்குத் துடுப்பைக் கையில் கொடுத்தது பட்டாளம். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை. மற்ற ரெஜிமெண்ட்காரர்கள் எங்களைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள், ஐம்பது வயது சுபேதாரையும் சேர்த்து. சென்டர் பெங்களூரில், அல்சூர் ஏரிக் கரையில். கொஞ்சம் உயரமாக இருந்த பையன்களைப் பயிற்சி கொடுக்கிற உஸ்தாத் தனியாக நிறுத்தி, “நீச்சல் தெரியுமா?” என்றார். கிணற்று நீச்சல் தெரியும் என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான். பெரிதாக எதையும் சாதிக்கவில்லை. ரெஜிமெண்ட் அளவில் படகு ஓட்டி, இடுப்பு வலியோடு ரிட்டையர் ஆன ஆள் நான். ஆனால் ஒரு படகு தண்ணீரில் போவதைப் பார்த்தால், அதில் உட்கார்ந்திருக்கிறவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லத் தெரியும். அந்தத் தகுதியில்தான் இந்தப் பதிவு.

எழுதப்போவது தத்து பபன் போகனல் பற்றி. மகாராஷ்டிராவில் நாசிக் மாவட்டம், சாந்த்வட் தாலுகா, தளேகாவ் ரோஹி என்ற ஊர்க்காரர். 1991-ல் பிறந்தவர். அவரும் சாப்பர்தான், பாம்பே சாப்பர்ஸ். சென்டர் புனேவில் கிர்க்கி. நாங்கள் ஒரே தண்ணீரில் படகு போட்டதில்லை, என் காலம் வேறு. இருந்தாலும் ஒரே தொழில் செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: நான் பார்த்த இந்தியத் துடுப்புக்காரர்களில் என்னை அதிகம் அசத்தியவர் அவர்.

அவரைப் பற்றி 2016-ல் எல்லாப் பத்திரிகையும் ஒரே கதையைத்தான் எழுதின. வறட்சி ஊர். அப்பாவோடு கிணறு வெட்டவும் கல்லுடைக்கவும் போன பையன். ராத்திரியில் பெட்ரோல் பங்க்கில் வேலை. 2011-ல் அப்பா இறந்துபோக, 2012-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். தண்ணீரைக் கண்டால் பயம். நாலே வருஷத்தில் ஒலிம்பிக். கதை உண்மைதான், ஒன்றும் மிகை இல்லை. ஆனால் படிக்கிறவர்கள் எல்லாரும் ‘கிணறு வெட்டின உடம்பு, அதான் துடுப்பு போடுது’ என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் எரிச்சல். கிணறு வெட்டினவனெல்லாம் படகு ஓட்டிவிடுவான் என்றால் திண்டிவனம், வானூர் பக்கத்தில் இருந்தே இந்தியாவுக்கு ஒரு டீம் போயிருக்க வேண்டும். கம்ப்ரசர் பிடித்துப் பாறையில் துளை போடுகிறவனுக்கு எங்கள் ஊரில் என்ன குறைச்சல்? ஏழ்மை ஒரு ஆளைத் துடுப்புக்காரனாக ஆக்கிவிடாது. பட்டாளத்தில் சேர்ந்த பிறகு விடியற்காலை இருட்டில் தண்ணீரில் இறங்கினாரே, அந்த நாலு வருஷம்தான் அவரை ஆக்கியது. அந்த நாலு வருஷத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அதில் கண்ணீர் இல்லை, வெறும் வேலை.

அந்த வேலை என்ன என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கேரளத்து வள்ளங்களியை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள், அது முன்னால் பார்த்து உட்கார்ந்து போடுவது. ரோயிங்கில் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். சிங்கிள் ஸ்கல்ஸ் என்றால் ஒரு ஆள், இரண்டு துடுப்பு. படகு 27 அடி நீளம் இருக்கும். எடை 14 கிலோ, அதற்குக் குறைந்தால் போட்டியில் விடமாட்டார்கள். அகலமோ உட்காருகிற இடத்தில் ஒரு அடிதான் இருக்கும். துடுப்பு இரண்டையும் கையில் பிடித்திருக்கிற வரைக்கும்தான் அது படகு. விட்டுவிட்டால் அடுத்த நொடி நீங்கள் தண்ணீருக்குள்.

உட்காருகிற பலகைக்கு அடியில் சக்கரம் உண்டு, தண்டவாளத்தில் முன்னும் பின்னும் உருளும். கால் இரண்டும் முன்னால் ஒரு பலகையில் பொருத்திய ஷூவுக்குள் கட்டுண்டு கிடக்கும். முழங்காலை மடக்கி, தவளை குந்துகிற மாதிரி முன்னால் உருண்டு வந்து, துடுப்பைத் தண்ணீரில் வைக்க வேண்டும். நாங்கள் அதைக் ‘கேட்ச்’ என்போம். வைப்பது என்றால் அடிப்பது அல்ல. கையை ஒரு விரற்கடை தூக்கினால் துடுப்பு நுனியின் அலகு தானாக உள்ளே இறங்கும். இறங்கியதும் காலால் உதைக்க வேண்டும், அப்புறம் முதுகு, கடைசியில்தான் கை. புதுசாக வருகிற பையன் எல்லாரும் கையால் இழுப்பான், பத்து நிமிஷத்தில் தோள் செத்துப்போகும். “கை கயிறு மாதிரி சும்மா இருக்கட்டும், காலு வேலை செய்யட்டும்” என்று உஸ்தாத் கரையில் இருந்து தொண்டை கிழியக் கத்துவார். இழுத்து முடித்ததும் அலகைப் படுக்கையாகத் திருப்பி, திரும்ப முன்னால் உருள வேண்டும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. இழுக்கும்போது எவ்வளவு வேகமோ, திரும்பி வரும்போது அவ்வளவு நிதானம் வேண்டும். அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தால் உங்கள் எடையே படகைப் பின்னால் தள்ளும். மூச்சு முட்டுகிற நேரத்தில் அவசரப்படாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும்.

பந்தயத் தூரம் 2000 மீட்டர். ஏழு நிமிஷத்துக்கு முன்பின்னாக. அதை நாங்கள் நாலு ஐந்நூறாகப் பிரித்துக்கொள்வோம். முதல் ஐந்நூறில் எல்லாரும் வீரர்கள். இரண்டாவதில் ஒரு தாளம் பிடிபடும். மூன்றாவது ஐந்நூறு இருக்கிறதே, அதுதான் நரகம். தொடையில் நெருப்பு வைத்த மாதிரி எரியும், கண் ஓரத்தில் இருட்டு வரும், உள்ளங்கைக் கொப்புளம் உடைந்து துடுப்புப் பிடி வழுக்கும், கோடு இன்னும் கண்ணுக்கே தெரியாது, முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது! எட்டு பேர் படகில் கூட இருக்கிறவனுக்காக இழுப்போம். ஒற்றைப் படகில் அந்த வசதி கிடையாது. ‘கொஞ்சம் குறைச்சுக்கலாமா’ என்று கேட்பதும் நீதான், பதில் சொல்வதும் நீதான்.

இதைத் தெரிந்துகொண்டு இப்போது ரியோவைப் பாருங்கள்.

2015-ல் பெய்ஜிங்கில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் தத்து வெள்ளி வாங்கினார். 2016 ஏப்ரலில் தென்கொரியா சுங்ஜுவில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி, அதிலும் வெள்ளி. ரியோவுக்கு இந்தியாவில் இருந்து போன ஒரே துடுப்பு வீரர் அவர். இதற்கு நடுவில் அம்மா ஒரு விபத்தில் தலையில் அடிபட்டுப் படுத்துவிட்டார். மகன் எந்த ஊருக்குப் போகிறான், எதற்குப் போகிறான் என்பதே அந்த அம்மாவுக்குப் புரியாத நிலை.

ரியோவில் பந்தயம் நடந்தது ஊருக்கு நடுவில் இருக்கும் லகோவா உப்பங்கழியில். மலை உச்சியில் கை விரித்து நிற்கிற அந்த ஏசு சிலையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், அதன் காலடியில்தான். ஆகஸ்ட் 6, முதல் நாளே காற்று பேயாக அடித்தது. செர்பியாக்காரர்கள் இரண்டு பேர் படகோடு கவிழ்ந்தார்கள். அடுத்த நாள் காற்றில் பந்தயத்தையே ரத்து செய்தார்கள். அந்த முதல் நாள் தண்ணீரில் தத்து முதல் சுற்றான ஹீட்டில் மூன்றாவதாக வந்து கால் இறுதிக்குப் போனார். நேரம் 7 நிமிடம் 21.67 விநாடி. பேப்பரில் அந்த நேரத்தைப் பார்த்து ‘இவ்வளவு மெதுவா’ என்றவர்கள் உண்டு. படகுப் பந்தய நேரத்தை ஓட்டப்பந்தய நேரம் போலப் படிக்கக் கூடாது. எதிர்க்காற்று அரை நிமிஷத்தைச் சுலபமாகத் தின்றுவிடும். அதனால் பக்கத்து லேனில் இருக்கிறவனோடு மட்டும்தான் ஒப்பிடலாம்.

கால் இறுதியில் நாலாவது. முதல் மூன்று பேருக்குத்தான் மேலே வழி. அங்கேயே பதக்கக் கனவு முடிந்தது. அப்புறம் டிவிக்காரர்களுக்கு அவர் மேல் ஆர்வம் போய்விட்டது. எனக்கு அதற்குப் பிறகுதான் ஆர்வம் வந்தது.

ரோயிங்கில் தோற்றவனை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். ‘ஏ’ ஃபைனல் ஆறு படகு, அது பதக்கத்துக்கு. ‘பி’ ஃபைனல் 7-ல் இருந்து 12 வரை. ‘சி’ ஃபைனல் 13-ல் இருந்து 18 வரை. தத்து இருந்தது ‘சி’யில். என் தங்கச்சி மகன், குவாரியில் டிப்பர் ஓட்டுகிறவன், அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுல கெலிச்சா இன்னா மாமா கெடைக்கும்?”

“ஒண்ணும் கெடைக்காதுடா.”

“அப்புறம் ஏன் இப்படி உசுர விட்டு இழுக்குறாரு?”

அவன் கேட்டதுதான் சரியான கேள்வி. அந்தப் பந்தயத்தில் தத்து முதலாவது, மொத்தத்தில் பதிமூன்றாவது. 6 நிமிடம் 54.96 விநாடி. அந்த ஒலிம்பிக்கில் அவர் ஓட்டியதிலேயே வேகமான ஓட்டம் அதுதான். பதக்கம் கிடையாது, கொடி ஏறாது, காசு கிடையாது. பதினான்காவது வந்தாலும் பதினைந்தாவது வந்தாலும் ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட ஒரு பந்தயத்தின் மூன்றாவது ஐந்நூறில் ‘குறைச்சுக்கலாமா’ என்ற கேள்வி எவ்வளவு சத்தமாகக் கேட்டிருக்கும்! நானாக இருந்தால் கேட்டதும் ஒத்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்ட ‘சி’ ஃபைனல்களில் பெரிய நாட்டு ஆட்களே கடமைக்கு ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பிட்டுச் சொன்னால்தான் புரியும் என்பதற்காக இன்னொன்று. அதே ரியோவில் ‘ஏ’ ஃபைனலில் நியூசிலாந்தின் மஹே ட்ரைஸ்டேலும் குரோஷியாவின் டாமிர் மார்ட்டினும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டார்கள். இருவருக்கும் 6 நிமிடம் 41.34 விநாடி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து ட்ரைஸ்டேலுக்குத் தங்கம் என்றார்கள். ட்ரைஸ்டேலுக்கு உயரம் இரண்டு மீட்டர், வயது அப்போது 37, லண்டனிலும் தங்கம் வாங்கியவர். நம் ஆள் துடுப்பைத் தொட்டே நாலு வருஷம்தான் ஆகியிருந்தது.

இன்னொரு சம்பவத்தைச் சொல்லாமல் போனால் இந்தப் பதிவு ஒருபக்கச் சார்பாகிவிடும். 2018 ஆசிய விளையாட்டு, இந்தோனேஷியாவில் பாலெம்பாங். ஆகஸ்ட் 23, வியாழக்கிழமை, சிங்கிள் ஸ்கல்ஸ் ஃபைனலில் தத்து கடைசி. பாதியில் துடுப்பை நிறுத்திவிட்டார் என்று புகார். மறுநாள் வெள்ளிக்கிழமை, நாலு பேர் எட்டுத் துடுப்போடு ஓட்டுகிற குவாட் ஸ்கல்ஸ். ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங், தத்து. 6 நிமிடம் 17.13 விநாடியில் தங்கம். இந்தோனேஷியா இரண்டாவது, தாய்லாந்து மூன்றாவது. 2010-ல் குவாங்சோவில் பஜ்ரங் லால் தாக்கர் வாங்கியதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுத் துடுப்பில் இந்தியாவுக்கு அதுதான் முதல் தங்கம்.

ஆனால் 2019 மார்ச்சில் இந்தியத் துடுப்புப் படகு சங்கம் அவரை இரண்டு வருஷத்துக்குத் தடை செய்தது. வியாழக்கிழமை பந்தயத்தைப் பாதியில் விட்டதற்காக. உடம்பு முடியவில்லை என்றார் அவர். 2020 ஜனவரியில் தடையை நீக்கினார்கள். அதே வருஷம் அர்ஜுனா விருதும் வந்தது. தண்டனையும் விருதும் இவ்வளவு நெருக்கத்தில் வந்த வீரர் வேறு யாராவது உண்டா என்று யோசிக்கிறேன்.

சங்கம் சொல்வதில் ஒரு வாதம் இருக்கிறது, மறுக்கவில்லை. நாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினால் கோடு வரைக்கும் போக வேண்டும், அது நாங்களும் படித்த பாடம். ஆனால் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பதக்கமே இல்லாத ரியோ ‘சி’ ஃபைனலில் கடைசி மூச்சு வரைக்கும் இழுத்த ஆள், ஆசியப் பதக்கம் கண்முன்னால் தொங்குகிற பந்தயத்தில் சும்மா துடுப்பைக் கீழே போடுவாரா? உடம்பு ஒரு நாள் மக்கர் செய்யும். துடுப்பு போடுகிறவனுக்கு அது தெரியும். அதே வெள்ளிக்கிழமை லைட்வெயிட் சிங்கிள்ஸில் வெண்கலம் வாங்கிய நம் துஷ்யந்த் சௌகானை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள், அவ்வளவு காய்ந்து போயிருந்தார். அந்த ஊர் வெயிலும் புழுக்கமும் அப்படி.

எனக்கு வியப்பு அந்த வெள்ளிக்கிழமைக் காலைதான். முந்தின நாள் நாடே பார்க்கக் கடைசியாக வந்த ஆள், மறுநாள் மூன்று பேரின் பதக்கத்தையும் தன் துடுப்பில் சுமந்துகொண்டு உட்காருகிறார். குவாடில் ஒருவன் மனசு தடுமாறினால் போதும், அலகு அரை நொடி பிந்தும், படகு ஒரு பக்கம் சாயும், மற்ற மூன்று பேரின் உழைப்பும் வீண். நேற்றைய அவமானத்தைப் படகில் ஏற்றாமல் கரையிலேயே விட்டுவிட்டு வருவதற்கு ஒரு தனிப் பயிற்சி வேண்டும், அதை எந்த உஸ்தாதும் சொல்லிக்கொடுக்க முடியாது. கூட உட்கார்ந்திருந்த ஸ்வரண் சிங்கும் சாமானியர் இல்லை, 2012 லண்டனில் சிங்கிள் ஸ்கல்ஸில் 16-வது வந்தவர். தன் இடத்தைப் பிடித்த ஆளோடு ஒரே படகில் உட்கார்ந்து தங்கம் வாங்கினார். அந்த மனசையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும்.

இங்கே நம் ஊர்க் கதைக்கும் கொஞ்சம் வருகிறேன். தமிழ்நாட்டுக்குத் துடுப்புப் பந்தயம் புதிது இல்லை. அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் இருந்து இருக்கிறது. கொழும்பு ரோயிங் கிளப்போடு அவர்கள் நடத்துகிற போட்டி 1898-ல் தொடங்கியது. இவ்வளவு பழமை இருந்தும், ஒலிம்பிக்குக்குப் போன இந்தியத் துடுப்புக்காரர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: 2000-ம் ஆண்டு சிட்னிக்கு முதன்முதலாகப் போன காசம் கான், இந்தர்பால் சிங் தொடங்கி, ஏறக்குறைய எல்லாரும் பட்டாளத்துக்காரர்கள். கிளப்பில் உறுப்பினர் ஆவதற்கு எங்கள் பக்கத்துப் பையனுக்கு ஏது வழி? ஒரு படகு லட்சங்களில் விற்கிறது. ரோயிங் என்று ஒன்று இருப்பதே பட்டாளத்தில் சேர்ந்த பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது, அப்போது வயது இருபதைத் தாண்டியிருக்கும். ட்ரைஸ்டேல் ஊர்ப் பையன்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே படகு இருக்கிறது. தத்து நாலு வருஷத்தில் செய்ததைப் பத்து வருஷம் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

டோக்கியோவில் அர்ஜுன் லாலும் அர்விந்த் சிங்கும் லைட்வெயிட் டபுள்ஸில் 11-வது வந்தார்கள், ஒலிம்பிக் துடுப்பில் இந்தியாவுக்கு அதுதான் மிக உயர்ந்த இடம். 2024 பாரிஸில் பல்ராஜ் பன்வர் சிங்கிள் ஸ்கல்ஸில் 23-வது. நல்ல பையன், இன்னும் வருவார். ஒற்றைப் படகில் மட்டும் தத்துவின் 13-ஐ இன்றைக்கு வரை எந்த இந்தியரும் தாண்டவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள், குறிப்பாகத் திண்டிவனம், மயிலம், மரக்காணம் பக்கத்துப் பள்ளிகளில் வேலை செய்கிற பி.டி. வாத்தியார்களுக்கு. உங்கள் பள்ளியில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையனோ பெண்ணோ வயதுக்கு மீறிய உயரமாக, நீளக் கையோடு இருந்தால், கைப்பந்துக்கும் கபடிக்கும் மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள். ஒரு நாள் சென்னைக்குக் கூட்டிப்போய் போரூர் ஏரியிலோ அடையாற்றிலோ படகு ஓட்டுகிறவர்களைக் காட்டுங்கள். தண்ணீர் பயம் என்று சொன்னால் விட்டுவிடாதீர்கள், தத்துவும் அதைத்தான் சொன்னார். நீச்சல் கற்றுக்கொடுக்க நான் இருக்கிறேன், எங்கள் ஊர்க் கிணற்றில் மழைக்குப் பிறகு நாலைந்து மாசம் தண்ணீர் நிற்கும். கீழே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள், வந்து பார்க்கிறேன்.